முதலில் பசி, பிறகு கப்பல்

மேல்வீட்டு மீனா இன்று காலை என் வீட்டுத் தரையில் அமெரிக்காவைப் பரப்பி வைத்திருந்தாள். அவள் வீட்டில் கரண்டு இல்லை. என் வீட்டிலும் இல்லைதான், ஆனால் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும். வெளியே அவளுக்குப் பர்மாப் பெயர், மா திரி; வீட்டில்தான் மீனா. வெளிநாட்டில் போய்ப் படிக்க அமெரிக்காக்காரர்களின் பரீட்சை ஒன்று எழுதுகிறாள். அதில் அவர்கள் சரித்திரமும் உண்டாம். நம் பிள்ளைக்கு எதற்கு அந்த ஊர் ராஜா கதை என்று கேட்டேன்.

"அங்க ராஜா கிடையாது பெரியம்மா. அதுதான் கதையே."

அட்டை அட்டையாக வெட்டி, படம் ஒட்டி வைத்திருந்தாள். டீயைக் கடலில் கொட்டுகிற படம் ஒன்று. வரிக்குக் கோபப்பட்டுக் கொட்டினார்களாம். நாங்கள் டீ இலையை ஊறப்போட்டு எண்ணெய் விட்டுத் தின்கிற ஊர்க்காரர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

காற்றில் அட்டைகள் கலைந்தன. நான் பொறுக்கி, படத்தைப் பார்த்து அடுக்கிக் கொடுத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"ரொட்டிக்கு வரிசையில நிக்கிறவங்க கடைசி பெரியம்மா. நீங்க முதல்ல வச்சிட்டீங்க."

அட்டையில் கோந்து வாசம் இன்னும் போகவில்லை. அதே வாசம்தான். அதே தப்பும்.

எனக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். பபேடான் பேட்டைக்குப் பக்கத்தில் அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் வாசகசாலையைக் கூட்டித் துடைக்கும் வேலை. புத்தகங்களைப் பார்த்துக்கொண்டவள் ஸ்டெல்லா அக்கா. தமிழ்க் கிறிஸ்தவப் பெண். கன்னத்தில் சந்தனம் மாதிரி தனக்காப் பட்டை அரைத்துப் பூசி, கிழிந்த புத்தகங்களுக்குக் கோந்து தடவிக்கொண்டே இருப்பாள். மத்தியானம் அவள் சோற்றில் பாதி எனக்கு. எனக்கு அங்கே இருந்த ஒரே சிநேகம் அவள்தான்.

சுவரில் கண்ணாடி போட்ட படங்கள் வரிசையாக இருக்கும். தொப்பிக்காரர்களின் கப்பல், டீ கொட்டுவது, பஞ்சுக் காட்டில் குனிந்து நிற்கும் கறுப்பு மனிதர்கள், அவர்களுக்கு விடுதலை சொன்ன ஒல்லித் தாடிக்காரர். அப்புறம் இரண்டு ரயில் எஞ்சின்கள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். அப்பா இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தப் படத்தை மட்டும் இரண்டு தடவை துடைப்பேன். கடைசியில், கோட்டுப் போட்டவர்களே ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் படம். ஒவ்வொன்றுக்கும் கீழே எழுத்து. எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி.

ஒரு மழைக்காலம் முடிந்து வெள்ளையடித்தார்கள். படங்களைக் கழற்றித் திரும்ப மாட்டியது நான். ரொட்டி வரிசையை முதல் ஆணியில் மாட்டினேன். அடுத்தது கப்பல். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ராமநாதபுரத்தில் சோறில்லை, அப்பா பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். பசி முதலில் இல்லாமல் யார் கப்பல் ஏறுவார்கள், நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ், பார்க்க வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டினார். முதல் படத்திலேயே நின்றுவிட்டார். யார் மாட்டியது என்றார். ஸ்டெல்லா அக்கா எழுந்து பர்மாப் பாஷையில் சொன்னாள், எல்லாருக்கும் புரிகிற மாதிரி: "இவளுக்குப் படிக்கத் தெரியாது மிஸ், விட்டுடுங்க."

பொய் இல்லை. எனக்குத் திட்டு விழாமல் காப்பாற்றத்தான் சொன்னாள். அது இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவள் நீட்டிய சோற்றை நான் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. பேச்சையும் விட்டேன்.

கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்தையும் நம்மவர் கடைகளையும் பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எங்களுக்கு வேலை போயிற்று. நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஒரு சாயங்காலம் ஸ்டெல்லா அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"வியாழக்கிழமை கப்பல். நீ வந்து நிப்பியாடி?"

"வேலை இருக்கு."

"என்னடி வேலை இப்ப?"

நான் தலையைத் தூக்காமல் கல் பொறுக்கினேன். "ரோஷக்காரி" என்றாள். போய்விட்டாள்.

வியாழக்கிழமை, கூட்டின வீட்டையே மறுபடியும் கூட்டினேன். கப்பல் ஊதுவது எங்கள் தெரு வரைக்கும் கேட்டது. அழுகை வரவில்லை. இன்றைக்கும் வராது. அந்த இடம் மரத்துப்போயிற்று. பிற்பாடு கோயில் வகுப்பில் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டேன். கடுதாசி எழுதலாம் என்றால் விலாசம் கேட்டு வைக்கவில்லை. பெரிய ரோஷக்காரி இல்லையா.

மீனா அட்டைகளுக்கு ரப்பர் போட்டாள். ரொட்டி வரிசை அடியில் போயிற்று.

"பாஸானா அடுத்த மாசமே போயிடுவேன். ஏர்போர்ட்டுக்கு வருவீங்களா? உள்ள விடமாட்டாங்க. வெளிய வெயில்ல நிக்கணும்."

அவள் முடிப்பதற்குள் "நிக்கிறேன்" என்றேன்.

"முட்டி வலின்னு சொல்லுவீங்களே?"

"நிக்கிறேன்னு சொன்னேன்ல."

பள்ளிக்கூடத்துக்கு இப்போது வேறு பெயர். படங்கள் எங்கே போயினவோ. போன வருஷம் போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் போயிருந்தேன். கரையில் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். மெட்ராஸ் கப்பல் எங்கே நிற்கும் என்று படகுக்காரரைக் கேட்டேன். அப்படி ஒரு கப்பலே கிடையாதே அம்மா என்றார். கரையோரமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தேன். அன்றைக்கு நான் வந்து நிற்காத இடம் எது என்று தெரியவில்லை.