விடுபட்ட ஒரு சங்கிலி

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது மல்லாட்டைச் செடிகளின் மேல் இழுத்துக் கட்டியிருந்த நீல நைலான் கயிறு. அக்காவின் கிணற்றுக்குக் கிழக்கே இருபத்தெட்டு அடியில் இருந்தது. கட்டியவர் அக்கா கணவரின் பங்காளி, மேற்குப் பக்கத்து நிலத்துக்காரர். அந்தக் கயிற்றின்படி கிணறு அவருடையது.

அக்காவின் நிலத்துக்கு வேறு தண்ணீர் கிடையாது. கடலைச் செடியில் விழுது மண்ணுக்குள் இறங்கும் பருவம். ஒரு வாரம் காய்ந்தால் காய் பிடிக்காது.

“இன்னா மச்சான், பேப்பர்ல போட வந்துட்டியா?” என்றார் பங்காளி. “நல்லா எடுத்துக்கோ போட்டோ. நானும் கெணறும் ஒண்ணா நிக்கிறோம்.”

நான் பத்திரிகை வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஏழரைக்குத் திண்டிவனத்திலிருந்து சர்வேயர் வந்தார். இளம் பெண். கையில் இரண்டு நிலங்களின் புல வரைபட நகல். வெள்ளைக்காரன் காலத்துக் கோடுகள். கிழக்கு மூலைக் கல்லிலிருந்து அளந்தார். வரைபடத்தில் அக்காவுக்கு இருநூற்று எழுபத்திரண்டு அடி. டேப் சரியாகக் கயிற்றில் வந்து முடிந்தது. அக்கா மோட்டார் ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேற்குக் கல்லுல இருந்தும் ஒரு தடவை அளந்துடுங்க,” என்றேன்.

“எதுக்கு சார்?”

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பழைய இங்கிலாந்து வரைபடக்காரர்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பலர் பண்ணையார்களுக்கு வயல் அளந்து பிழைத்தவர்கள். அவர்கள் அளவுச் சங்கிலியோடு வருவதைக் கண்டாலே குத்தகைக்காரர்கள் வேலையை விட்டு வரப்புக்கு வந்து நிற்பார்கள். அந்தச் சங்கிலியின் நீளம் அறுபத்தாறு அடி. முன்னால் போகிறவர் ஒவ்வொரு சங்கிலி முடியும் இடத்திலும் ஓர் இரும்பு ஊசியைக் குத்துவார். பின்னால் வருகிறவர் அதைப் பிடுங்கிக்கொள்வார். கடைசியில் கையிலிருக்கும் ஊசிகளை எண்ணிக் கணக்கெழுதுவார்கள். பயிருக்குள் ஓர் ஊசியை மறந்துவிட்டால் காகிதத்தில் ஒரு சங்கிலி நிலம் காணாமல் போகும். அறுபத்தைந்து அடியோ அறுபத்தேழு அடியோ அல்ல, சரியாக அறுபத்தாறு. அதே சங்கிலியும் அதே பழக்கமும்தான் இங்கேயும் வந்தன.

சர்வேயர் மேற்கிலிருந்து அளந்தார். வரைபடத்தில் பங்காளிக்கு இருந்த முந்நூற்றுத் தொண்ணூறு அடி கிணற்றைத் தொடவில்லை. முப்பத்தெட்டு அடிக்கு முன்னாலேயே முடிந்தது. அங்கிருந்து நீலக் கயிறு வரை சர்வேயரே அளந்தார். அறுபத்தாறு அடி.

நான் ஊசி விஷயத்தைச் சொன்னேன். அக்கா கதவை விட்டுவிட்டு எங்கள் அருகே வந்தார்.

பங்காளி என் பக்கம் திரும்பினார். “சரி மச்சான், ஊசி தொலைஞ்சுது. உங்க அக்கா நெலத்த அளக்கசொல்ல தொலைஞ்சுதா, என் நெலத்த அளக்கசொல்ல தொலைஞ்சுதா? நீ கூட நின்னு பாத்துக்கினு இருந்தியா?”

“அந்தக் கெணத்துத் தண்ணிய எத்தினி வருசமா நாங்கதான் எறைச்சிக்கினு இருக்கோம்,” என்றார் அக்கா. “ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியும் அண்ணி. பேப்பருக்குத் தெரியணுமே.”

சர்வேயர் இரண்டு நகல்களையும் பைக் சீட்டின் மேல் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். “சார், நீங்க சொல்றது சரியா இருக்கலாம்,” என்றார். “ஆனா எதுல தப்புன்னு நான் முடிவு பண்ண முடியாது. நடுவுல இருக்கிறது ரெண்டு பேர் வரைபடத்துலயும் இல்ல. அப்படித்தான் எழுத முடியும்.”

“அப்ப யாருதும்மா அது?” என்றார் அக்கா.

“மேல எழுதிப் போடறேங்க. விழுப்புரத்துல இருந்து பதில் வர்ற வரைக்கும் ரெண்டு பேருமே மோட்டார் போடக் கூடாது.”

அவர் எழுதிய குறிப்பில் முதலில் பங்காளி கையெழுத்துப் போட்டார், பிறகு அக்கா. அளக்கும்போது கூட இருந்த சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

பதில் நாற்பத்தோரு நாள் கழித்து வந்தது. அதற்குள் செடிகள் காயில்லாமல் காய்ந்திருந்தன.