டானிக் புட்டியில் ஒரு மாத மழை

பூம்பாறையில் மழையை அளந்து எழுதும் வேலை திருமலைச்சாமிக்கு. பூண்டு விவசாயம் தனி. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியில் சேர்ந்த நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அளவு பார்த்து எழுதுவது தனி. பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. கல்யாணத்தன்றும் மாலையோடு போய் அளந்துவிட்டு வந்தவர். அந்தக் கோபம் அவர் மனைவி சின்னத்தாயிக்கு இன்னும் தீரவில்லை.

அங்குலம் போய் மில்லிமீட்டர் வந்த புதிதில், மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இனி முழு எண்ணை மட்டும் எழுத வேண்டும்; புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிட வேண்டும். இதைப் போட்ட புண்ணியவான் எங்கள் ஊர் ஆடி மாதத்தைப் பார்த்திருக்க மாட்டான். இங்கே சாரல் கொட்டவும் செய்யாது, நிற்கவும் செய்யாது. ஒருநாள் புள்ளி எட்டு, மறுநாள் புள்ளி ஏழு. உத்தரவுப்படி இரண்டுமே பூஜ்யம்.

திருமலைச்சாமியோ பூண்டு தரம் பிரிக்கும்போது சில்லுப் பூண்டைக்கூட எறியாமல் தனிக்கூடையில் போட்டு வைக்கிற ஆள். அளந்த நீரைக் கீழே கொட்ட மனசு வரவில்லை. தினமும் ஒரே டானிக் புட்டியில் ஊற்றி இறுக மூடி வைத்தார்.

"மழைத்தண்ணியில ஊறுகா போடப் போறீங்களா?" என்றாள் சின்னத்தாயி.

மாதம் முடிந்து வரிசையாகப் பூஜ்யம் மேலே போனதும், குருநாதன் என்ற அதிகாரி விசாரிக்க வந்தார். வழியில் ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. குடையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்று கத்தினார்.

"மாசம் பூரா மழையே இல்லையா? அளக்காமலே எழுதியிருக்கே! இனி இந்த வேலை உனக்கு இல்ல."

திருமலைச்சாமி உத்தரவை எடுத்து நீட்டினார்.

"அதுக்காக? ஒருநாள்கூட ஒண்ணைத் தொடலையா? யார்கிட்டக் கதை விடுறே?"

வேலை போனால் போகட்டும். பொய் எழுதினான் என்ற பேரைத் திருமலைச்சாமியால் தாங்க முடியவில்லை. சின்னத்தாயிதான் விறுவிறுவென்று உள்ளே போய்ப் புட்டியைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தாள்.

"அவரு அளந்தது அம்புட்டும் இதுல கெடக்கு. அளந்து பாருங்க!"

குழாய் பத்து மில்லிமீட்டர் கொள்ளும். ஒருமுறை நிறைந்தது. மறுமுறையும் நிறைந்தது. மூன்றாம் முறை நான்கு வரை வந்ததும் திருமலைச்சாமி ஊற்றுவதை நிறுத்தினார். குருநாதன் ஒற்றைச் செருப்போடு படியில் உட்கார்ந்து, நோட்டில் இருபத்துநான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தப்பா நெனச்சிட்டேங்க," என்றார். பிறகு புட்டியைப் பார்த்தார். "அடியில இன்னும் இருக்கே, அதையும் ஊத்துங்க."

"அது ஒண்ணுக்குக் கீழேங்கய்யா. எழுத உத்தரவு இல்ல," என்று திருமலைச்சாமி புட்டியை இறுக மூடினார். "அடுத்த மாசத்துல சேத்துக்கிறேன்."