மூன்றாவது லைனில் கார்டுக்காரர்

ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறார். நம்பர் எதுவும் அடிக்கவில்லை. யாரிடமும் பேசவில்லை. டயல் டோனைக் கேட்கிறார், அவ்வளவுதான். காதிலிருந்து எடுத்து ஒரு முறை உதறிவிட்டு மறுபடியும் வைத்துக் கேட்கிறார். “ம்... மூச்சு நல்லாத்தான் விடுது” என்று இறக்கி வைத்துவிட்டு அடுத்த லைனுக்குப் போகிறார். எங்கள் அலுவலகத்தில் இருப்பது மூன்றே லைன். மூன்றையும் இப்படிக் காது கொடுத்துக் கேட்காமல் மனிதர் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பமாட்டார்.

நாங்கள் அவரைக் கார்டுக்காரர் என்போம். கம்ப்யூட்டருக்குள் டெலிபோன் கார்டு பொருத்தி, அதையே அலுவலக எக்ஸ்சேஞ்ச் ஆக்கித் தருவது அவர் தொழில். ஒல்லி உடம்பு, பெரிய காது, எப்போதும் ஒரு பக்கம் இறங்கிய தோள். வயரின் மேல்தோலை உரிக்க அவரிடம் நல்ல கருவி இருக்கிறது. ஆனாலும் பல்லால்தான் கடிப்பார். முன்பல்லில் அதற்கென்றே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. “பல் டாக்டரு பாத்துட்டு, வீட்ல எலியோட சாப்பிடறீங்களான்னு கேட்டாரு டீச்சர்” என்பார். கழற்றிய திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். என்றைக்காவது ஒன்றை விழுங்கப்போகிறார் என்று எனக்குப் பயமாகவே இருக்கும்.

டீச்சர் என்பது நான்தான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, டயர் கடைக்கு மேலே இருக்கும் இந்த அலுவலகத்துக்கு வந்து போன் எடுப்பேன். வாழப் பிடிக்காதவர்கள், பேச ஆள் இல்லாதவர்கள் கூப்பிடுகிற உதவி மையம் இது. சம்பளம் கிடையாது. தடுப்பு வைத்த மூன்று மேசை, மூன்று நாற்காலி, பெரும்பாலும் இரண்டே பேர். முன்பெல்லாம் ஒவ்வொரு லைனும் ஒரு மேசையோடு கட்டப்பட்டிருக்கும். ஆள் வராத மேசையில் மணி அடித்து அடித்து ஓயும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இன்னொருவரிடம் ஆறுதல் பேசிப் பாருங்கள், தெரியும்.

எந்த லைனில் கூப்பிட்டாலும் அந்த நேரம் பேச்சில் இல்லாதவரின் மேசைக்கு வர வழி உண்டா என்று எங்கள் நிர்வாகி அம்மா விசாரித்தபோதுதான் இவர் வந்தார். “கம்பெனி எக்ஸ்சேஞ்செல்லாம் எதுக்கும்மா? ஒரு பழைய கம்ப்யூட்டர் குடுங்க. மென்பொருள் இலவசம், யாரு வேணாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்திக்கலாம். கார்டு மட்டும் வாங்கினா போதும்.” கார்டு வந்தது. அதில் சின்னச் சின்னதாகத் தகடுகள்: வெளியிலிருந்து வருகிற லைனுக்குச் சிவப்பு, மேசையில் இருக்கிற போனுக்குப் பச்சை. இடம் மாற்றிச் செருகினால் கார்டு கருகிவிடுமாம். அதோடு விட்டதா? மென்பொருளில் எழுதும்போது சிவப்புக்குப் பச்சையின் குறியையும், பச்சைக்குச் சிவப்பின் குறியையும் எழுத வேண்டுமாம். இதென்ன கூத்து என்றேன். “மாமியார்கிட்ட மருமகளப் பத்தி நல்லதா சொல்லணும், மருமககிட்ட மாமியாரப் பத்தி நல்லதா சொல்லணும். அப்பதான் வீட்ல பேச்சு நடக்கும் டீச்சர். இதுவும் அந்த மாதிரிதான்.” திருகாணியோடு சிரித்தார்.

முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பேய் மணி ஆரம்பித்தது. மேசைகள் பேச்சில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால், கார்டு அவரைக் காத்திருக்கச் சொல்லும். அவர் பொறுமை இழந்து போனை வைத்துவிடுவார். வைத்தது கார்டுக்குத் தெரியாது. ஆள் போன லைனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். நாங்கள் பேசி முடித்ததும் மணியடிக்கும். ஓடிப்போய் எடுத்தால் ‘டூ... டூ... டூ...’ அவ்வளவு நேரமும் அந்த லைனுக்குக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் எங்கேஜ்டு. சாகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு!

கார்டுக்காரரைக் கூப்பிட்டு உயிரை வாங்கினோம். அவர் கார்டுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒரு சத்தம், ஓர் இடைவெளி, அதே அளவில் சத்தம், அதே அளவில் இடைவெளி என்று தொடர்ந்து கேட்டால் எண்ணிப் பார், எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம், லைனை விட்டுவிடு. முதலில் நிறைய முறை எண்ணச் சொல்லியிருந்தார். லைன் சீக்கிரம் விடுபடவில்லை என்று நிர்வாகி அம்மா ஒற்றைக்காலில் நின்றார். நானும்தான். எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்தார். பேய் மணி நின்றது. அன்றைக்கு அவருக்கு டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு, பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போக ஆரம்பித்தது. எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. இங்கே கூப்பிடுகிறவர்கள் பாதியில் வைப்பது புதிதா? யாரோ அறைக்குள் வந்திருப்பார்கள், வெட்கம் வந்திருக்கும், மனசு மாறியிருக்கும். பாவம், பயந்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு அடுத்த போனை எடுத்தோம்.

அப்போதுதான் ஒரு பெண் கூப்பிட்டாள். சின்ன வயதுக் குரல். “எனக்கு இனிமே முடியலங்க” என்றாள். குழந்தை பக்கத்தில் தூங்குகிறது என்றாள். “அது எழுந்திரிக்கறதுக்குள்ள...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அழுதாள். சத்தம் போட்டு அல்ல, வாயைப் பொத்திக்கொண்டு விட்டு விட்டு விம்முகிற அழுகை. நான் இருக்கேம்மா, அழு, நான் எங்கயும் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. ரிசீவரை வைக்க எனக்குக் கை வரவில்லை.

மூலையில் கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த கார்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். அழுதாள், வைத்துவிட்டாள் என்றேன்.

“எப்படி அழுதாங்க?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அழறதுல என்னங்க எப்படி? மனுஷங்க அழற மாதிரிதான் அழுதா!”

“இல்ல டீச்சர், கோச்சுக்காதீங்க. ஒரேடியாவா, விட்டு விட்டா?”

விட்டு விட்டு என்றேன். முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. செல்போனை எடுத்து எங்கள் நம்பரையே அடித்தார். “எடுங்க” என்றார். எடுத்தேன். ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டு, போனை வாயோடு அழுத்தி, அந்த மனிதர் அழ ஆரம்பித்தார். ஹுக்... ஹுக்... ஹுக்... பக்கத்து மேசைக்காரி தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். என் காதில் லைன் போய்விட்டது. மறுபடி அடித்தார், மறுபடி விம்மினார். மறுபடியும் போனது. அதன் பிறகும் அவர் நிறுத்தவில்லை. போன் இல்லாமலே கொஞ்ச நேரம் விம்மிக்கொண்டிருந்தார். அது நடிப்பில்லை என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

“அழுகைய டோன்னு எண்ணிக்கிச்சு டீச்சர். அவங்க வைக்கல. நாமதான் வச்சோம்.”

எத்தனை பேரை? பயந்துவிட்டார்கள் என்று நாங்கள் கைகழுவிய எல்லோரையுமா? நிர்வாகி அம்மா ஓடிவந்து, அந்தப் பெண்ணின் நம்பர் எங்கேயாவது பதிவாகியிருக்குமா என்று கேட்டார். “யாரு கூப்பிட்டாங்கன்னு தெரியவே கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. சுத்தமா அடைச்சுட்டேன்” என்றார் கார்டுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. பெயர் சொல்லாமல் பேசலாம் என்பது நாங்கள் ஊருக்கே கொடுத்த வாக்கு. டெலிபோன் அலுவலகத்தில் விசாரிப்பதாகச் சொன்னார்கள். இன்னும் விசாரிக்கிறார்கள்.

மூன்று போதும் என்று பிடிவாதம் பிடித்தது யார் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, அந்தப் பாடத்தை அன்றைக்கே மொத்தமாக அழித்தார். இனி கார்டு எதையும் எண்ணாது. ஆனால் பேய் மணி திரும்பி வருமே? எதிர்முனையில் வைத்ததும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சே ஒரு சைகை அனுப்பினால் தொல்லை தீரும். அதற்கும் எழுதிக் கேட்டிருக்கிறோம். அதுவரைக்கும்? “நான் வந்து உக்காந்துக்கறேன்” என்றார்.

உட்கார்ந்துகொண்டும் இருக்கிறார். மற்ற இடங்களில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, பிற்பகலில் வந்து மூலையில் ஒரு போனோடு உட்கார்ந்துவிடுகிறார். காத்திருக்கும் லைன்களை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். டோன் கேட்டால் மட்டும் கையால் விடுவிக்கிறார். துணி தைக்கிற கம்பெனியில் வேலை செய்கிற அவர் மனைவி ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். காலையில் கார்டுக்காரர் அதை எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டாராம். என்னைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போய்க் கேட்டார்: “இங்க என்ன டீச்சர் ஆச்சு? வீட்ல வாயே திறக்கறதில்ல. டிவில எவளாவது அழுதா, வாய்க்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்றாரு. எனக்குப் பயமா இருக்கு.” சாப்பிடச் சொல்கிறேன் என்றேன். தூக்கு அன்றைக்குத் திறக்கப்படவில்லை.

போன வாரம் மூன்றாவது லைனில் ஓர் அழைப்பு என் மேசைக்கு வந்தது. எடுத்தேன். பேச்சில்லை. அழுகையும் இல்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. சொல்லும்மா, சொல்லுங்க, அவசரமில்ல, இருக்கேன் என்று எனக்குத் தெரிந்த அத்தனை விதத்திலும் சொல்லிப் பார்த்தேன். கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணாக இருக்குமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. யாராகவும் இருக்கலாம். போனை எடுத்து விளையாடுகிற குழந்தையாகவும் இருக்கலாம். கடைசியில் எனக்கே அலுத்துவிட்டது. வைக்கப் போனேன்.

“எனக்கு மாத்துங்க டீச்சர்” என்றார் மூலையிலிருந்து.

மாற்றினேன். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அவர் பேசக்கூடாது, பயிற்சி இல்லாதவர் பேசுவதற்கு இங்கே அனுமதி இல்லை. பேசவும் இல்லை. கேட்டார். நான் இன்னொரு போன் எடுத்துப் பேசி முடித்துத் திரும்பியபோதும் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு லைனும் வைத்த வேகத்தில் மறுபடி பேச்சுக்குப் போய்க்கொண்டிருந்தன. வெளியே யாருக்கோ எங்கேஜ்டு போய்க்கொண்டிருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நிர்வாகி அம்மா வந்து நின்றார். “யாருமே இல்லப்பா அதுல. விட்டுடு.”

“டோன் வரலம்மா.”

“வராட்டி என்ன? எவ்ளோ நேரம்? நிஜமாவே கஷ்டத்துல இருக்கறவங்க யாராவது அடிச்சிட்டிருப்பாங்க இல்ல?”

“டோன் வரலன்னா அவங்க இன்னும் வைக்கலம்மா.”

அந்த அம்மா கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து, மூன்றாவது லைனின் வயரைத் தேடிக் கை நீட்டினார். கார்டுக்காரர் அவரைத் தடுக்கவில்லை, ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வயர் கார்டில் நுழைகிற இடத்தைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.