அண்ணன் போடாத பூட்டு

போன வருஷம் ஆடி மாசம், செட்டிகுளத்துல எங்க வூட்டுல நடந்தது இது. இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல. நான் ஒம்பதாவதோட நின்னவ, எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

வூட்டுல அம்மா, அண்ணன், நான், மூணு பேருதான். அப்பா நான் கைக்கொழந்தையா இருக்கயிலயே போயிட்டாரு. அண்ணன் வீடியோ எடுக்குறவன். காதுகுத்து, மஞ்சத்தண்ணி, கல்யாணம், எதுன்னாலும் பெரம்பலூரு பக்கமும் கூப்புடுவாங்க, அரியலூரு பக்கமும் கூப்புடுவாங்க. எடுத்துட்டு வந்து வூட்டுல இருக்குற கம்ப்யூட்டர்ல உக்காந்து வெட்டி, ஒட்டி, பாட்டு போட்டு குடுப்பான். நான் வெங்காய மண்டியில காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போறேன். லீவு நாள்னா அவன் கூட லைட்டு புடிக்கப் போவேன்.

அதுக்கு ஆறு மாசம் முன்ன, தை மாசம், திருமானூர்ல ஒரு காதுகுத்து முடிச்சுட்டு பைக்ல வந்துகிட்டிருந்தான். அரியலூர் தாண்டுனதும் சுண்ணாம்புக்கல்லு ஏத்துன டிப்பர் லாரி அடிச்சு, அந்த எடத்துலயே போயிட்டான். பட்டப்பகல். அன்னிக்கு மண்டியில லோடு ஜாஸ்தின்னு நான் அவன் கூட போகல.

வீடியோ எடுக்குறவன் வீடியோவுல இருக்க மாட்டான். எங்க அண்ணன் மூஞ்சி ஒண்ணுத்துலயும் இல்ல. ஆனா வெட்டாம வச்சிருக்குற வீடியோவுல அவன் கொரலு இருக்கு. "பெரியம்மா, பல்லு தெரிய சிரிங்க, யாரும் புடுங்கிட்டுப் போவ மாட்டாங்க." "மாமா, வடை எங்கயும் ஓடாது, இங்க பாருங்க." இப்புடி ஏதாச்சும் பேசிகிட்டே இருப்பான். பாட்டு போடும்போது அதயெல்லாம் அவனே எடுத்துருவான். ஆனா எடுத்த வீடியோ முழுசும் கம்ப்யூட்டருக்குள்ளயே கெடக்கும்.

காரியம் முடிஞ்ச பொறவு அம்மா சாயங்காலம் ஆனா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கும். நான் போட்டு வுடணும். அம்மா படத்தப் பாக்காது. கண்ண மூடிகிட்டு அவன் பேசுறத மட்டும் கேக்கும். அது யாரு வூட்டு விசேஷமோ, அம்மாவுக்கு அதெல்லாம் வேணாம். ஆனா அந்தக் கம்ப்யூட்டர் பழசு. பெரிய வீடியோவ போட்டா நின்னு நின்னு ஓடும், கொரலு இழுத்துக்கும். "என்னடி இவன் குடிச்சவன் மாதிரி இழுக்குறான்"னு அம்மா சொல்லும். எனக்கு அது கேக்கவே முடியாது.

ஒருநா அவன் அலமாரிய ஒதுக்கயில ஒரு சின்ன அட்டப்பெட்டி கெடச்சுது. புது ப்ராசஸர், கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி. பிரிக்கவே இல்ல. கம்ப்யூட்டர் வேகமா ஓடணும்னு வாங்கி வச்சிருக்கான், மாட்டுறதுக்குள்ள போயிட்டான். நம்மளே மாட்டிருவோம், அம்மாவுக்கு கொரலு நல்லா கேக்கட்டும்னு நெனச்சேன். அவன் தொறந்து மாட்டும்போதெல்லாம் ஸ்க்ரூ புடிச்சுகிட்டு நின்னவதானே நானு.

மாட்டுனேன். படமே வரல. பழசத் திரும்ப மாட்டுனா வருது. யூடியூப்ல தமிழ்ல ஒருத்தரு சொன்னாரு: கம்ப்யூட்டர் போர்டுக்குள்ள பயாஸ்னு ஒண்ணு இருக்கு, ஸ்விட்ச் போட்டதும் மொதல்ல முழிக்கிறது அதுதான், அது பழசா இருந்தா புது ப்ராசஸர அதுக்கு அடையாளம் தெரியாது, அதனால பழச மாட்டி வச்சுகிட்டே பயாஸ புதுசாக்கணும், அப்பறம்தான் புதுச மாட்டணும்னு. அதுக்கு நடுவுல கரண்டு போச்சுன்னா போர்டே செத்துரும்னும் சொன்னாரு. எங்க ஊரு கரண்ட நம்ப முடியுமா? லைன்மேன் அண்ணனுக்கு போன் போட்டு, "அண்ணே, இன்னிக்கு மத்தியானம் கரண்டு நிக்குமா"ன்னு கேட்டேன். "எங்களுக்கே தெரியாதும்மா, போனப்பறம்தான் எங்களுக்கும் தெரியும்"னாரு.

சாமிய கும்புட்டுட்டு, புது பயாஸ எறக்கி வச்ச பென்டிரைவ சொருகுனேன். ஒரு கோடு மெல்ல மெல்ல நவுந்துச்சு. கரண்டு போகல. நல்லபடியா முடிஞ்சுது. அவன் போனதுக்கு அப்பறம் அன்னிக்குத்தான் நான் மொதமொதல்ல சிரிச்சேன்.

புதுசு மாட்டி ஸ்விட்ச் போட்டேன். படம் வந்துச்சு. கருப்புல வெள்ள எழுத்து, பூரா இங்கிலீசு. நாலஞ்சு வரி. கடைசியில 'ஒய்' எழுத்த அழுத்து, இல்லன்னா 'என்' எழுத்த அழுத்துன்னு மட்டும் புரிஞ்சுது. யூடியூப்காரருக்கு இப்புடி ஒண்ணு வரவே இல்ல. அண்ணன் இந்த மாதிரி எது வந்தாலும் படிக்க மாட்டான், எஸ்னுதான் குடுப்பான். "எஸ் குடுத்தாதான் வேல நடக்கும், குட்டி"ம்பான். எஸ்ஸுன்னா ஒய்தானேன்னு நானும் அதயே அழுத்திட்டேன்.

அப்பறம் நீலக்கலர்ல ஒண்ணு வந்து நின்னுச்சு. நாப்பத்தெட்டு நம்பர் போடுன்னு கேட்டுச்சு. என்ன பண்ணுனாலும் அதத் தாண்டி போகல. பழச மாட்டுனாலும் அதேதான்.

மறுநா மண்டிக்கு லீவு போட்டுட்டு கம்ப்யூட்டர தூக்கிகிட்டு பெரம்பலூர் போனேன். பழைய பஸ்ஸ்டாண்டு பக்கம் ஒரு அக்கா ரிப்பேர் கடை வச்சிருக்காங்க. பாத்த ஒடனே அவங்க மொகம் மாறிப்போச்சு.

"ஒய் அழுத்துனியா, என் அழுத்துனியா?"

"ஒய்யிக்கா."

ஸ்டூல இழுத்துப் போட்டு என்ன உக்கார வச்சாங்க. அப்பறம் நெதானமா வெளக்குனாங்க. கம்ப்யூட்டர்ல இருக்குறதெல்லாம் உள்ள பூட்டிக் கெடக்குமாம், அதோட சாவி பழைய ப்ராசஸர் பேருல போர்டுக்குள்ள இருந்திருக்கு. 'என்' அழுத்திட்டு பழசத் திரும்ப மாட்டியிருந்தா தானா தொறந்திருக்கும். ஒய்யின்னா சாவிய அழிச்சுருன்னு அர்த்தமாம்.

"எங்கண்ணன் அப்புடியெல்லாம் பூட்டு போட மாட்டானேக்கா."

"அவரு போட்டிருக்க மாட்டாரும்மா. விண்டோஸ் ஏத்தும்போது தானா விழுந்திருக்கும். பாதிப் பேருக்கு பூட்டு இருக்குறதே தெரியாது."

அந்த நம்பரு அண்ணனோட மெயில்ல இருக்கலாம்னு சொல்லி நாலு நாளு வச்சுகிட்டு பாத்தாங்க. அந்த மெயிலுக்கு அவன் குடுத்திருந்த போன் நம்பரு எப்பவோ வுட்டுட்ட நம்பரு, இப்ப வேற யாரோ வச்சிருக்காங்க, அவன் கையில இருந்த போனும் லாரியில நொறுங்கிப் போச்சு, மெயில தொறக்கவே முடியல. அஞ்சாவது நாளு போனப்ப அக்கா டீ வாங்கி குடுத்துட்டு, "தங்கச்சி, இது போச்சும்மா. அம்மாகிட்ட வேணா நான் வந்து பேசட்டுமா"ன்னாங்க. வேணாங்க்கா, நானே சொல்லிக்கிறேன்னு வந்துட்டேன்.

வூட்டுல அம்மா வாசல்லயே நின்னுச்சு. "சரியாயிடுச்சாடி?"

நான்தான் அழிச்சேன்னு எப்புடி சொல்றது? வாயில வந்தத சொல்லிட்டேன். "அண்ணன் பாஸ்வேர்டு போட்டு பூட்டி வச்சிருக்கான்மா. அதத் தொறக்க முடியாதாம்."

அம்மா அழும்னு நெனச்சேன். அழல. "அவனா? எதுக்குடி பூட்டுனான்?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

அப்ப இருந்து அம்மா ஒரு மாதிரி ஆயிடுச்சு. மொத ரெண்டு நாளு கொலசாமி பேரு, அப்பா பேரு, அவன் பொறந்த நாளுன்னு சொல்லி, "இதப் போட்டுப் பாருடி"ன்னுச்சு. நானும் போடுற மாதிரி நடிச்சேன். அப்பறம் அது வேற பக்கம் போயிடுச்சு. அவன் கூட்டாளிங்கள நிறுத்தி வச்சு, எதும் பொண்ணு விஷயமாடா, எங்கயாச்சும் மாட்டிகிட்டானாடான்னு கேட்டுச்சு. அவனுங்க என்ன சொல்லுவானுங்க? ஒண்ணும் இல்ல பெரியம்மான்னு தலையக் குனிஞ்சா, அம்மாவுக்கு அதுலயும் சந்தேகம். சோறு சரியா எறங்கல. அவன் சட்டையெல்லாம் எடுத்து பாக்கெட்டு பாக்கெட்டா தொழாவுச்சு.

ஒருநா சாயங்காலம் நான் வெங்காயத்தூசிய கழுவிகிட்டிருந்தேன். அம்மா பக்கத்துல வந்து உக்காந்து ரொம்ப மெதுவா கேட்டுச்சு.

"பாப்பா, அவனா போயி லாரியில வண்டிய வுட்டுருப்பானோடி?"

நான் சோப்ப கீழ வச்சுட்டு திரும்புனேன், அம்மா மேல சொல்லிகிட்டே போச்சு.

"எங்கிட்ட சொல்ல முடியாதது ஏதோ இருந்திருக்கு. இல்லன்னா ஏன் பூட்டுறான்? நான் பெத்தவ, ஒண்ணும் தெரியாம இருந்துட்டேனே."

அதுக்கு மேல என்னால முடியல. அம்மா கால்ல வுழுந்துட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். ப்ராசஸர், பயாஸு, ஒய்யி, கடக்கார அக்கா சொன்னது, ஒண்ணு வுடாம. அவன் பூட்டலம்மா, அவன் கொரல அழிச்சது நான்தான், ஒங்கிட்ட பொய் சொன்னதும் நான்தான்னேன்.

அம்மா பளார்னு ஒண்ணு வச்சுது. அப்பறம் இன்னொண்ணு. நான் அப்புடியே இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு என் மோவாயப் புடிச்சு நிமுத்தி, "சத்தியமா சொல்லு. அவன் எங்கிட்ட எதையும் மறைக்கலல்ல?"ன்னுச்சு.

"சத்தியமா இல்லம்மா."

"அவன் வூட்டுக்குத்தான வந்துகிட்டிருந்தான்?"

"வூட்டுக்குத்தாம்மா."

அப்பதான் அம்மா அழுதுச்சு. காரியத்தன்னிக்கு அழுதத விட ஜாஸ்தி. அழுது முடிச்சுட்டு எந்திரிச்சு போயி, மூணு நாளா சரியா சாப்புடாத அம்மா, தட்டு எடுத்துப் போட்டு சாப்புட்டுச்சு. எனக்கும் போட்டுச்சு. எங்கூட பேசல, ஆனா கொழம்பு ஊத்துச்சு.

இது நடந்து ஒரு வருஷம் ஆவப்போவுது. கொரலு திரும்பக் கெடைக்கல. அவன் வீடியோ எடுத்த வூட்டுலயெல்லாம் போயி கேட்டுப் பாத்தேன், எல்லாத்துலயும் பாட்டுதான் இருக்கு. அம்மா இப்ப சாயங்காலம் ஆனா சும்மா உக்காந்திருக்கும். நான் தெரியாம அழுத்துன ஒரு எழுத்துக்கு என்ன நானே மன்னிச்சாலும் மன்னிச்சுருவேன். ஆனா வந்து இல்லன்னு சொல்ல முடியாத எங்கண்ணன் மேல தெரிஞ்சே ஒரு பழியப் போட்டேன் பாருங்க, அத நெனச்சா இன்னும் அம்மா மொகத்த நேருக்கு நேரா பாக்க முடியல.