மூணு விரக்கடை டீசல்

"எல்லாம் செக் பண்ணியாச்சு" என்று யாராவது சொன்னால் சடையப்பனுக்குக் கண் சுருங்கிவிடும். இருபத்து நாலு வருஷம் ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்த்தவர். லடாக்கில் ஒருத்தன் பிரேக் ஆயிலைப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட, அந்த லாரி பள்ளத்தில் போய் விழுந்தது. உள்ளே இருந்தவர்களைக் கயிறு கட்டித் தூக்கியவர்களில் இவரும் ஒருவர். அன்றிலிருந்து எழுத்தை நம்புவதில்லை.

"பால காய்ச்சிட்டேன்னு சொன்னா, பாத்திரத்தைத் தொட்டுப் பாக்குற மனுஷன்" என்பார் அவர் மனைவி மலர்க்கொடி.

ஹவில்தாராக ஓய்வு பெற்று திருப்பாதிரிப்புலியூருக்கு வந்த பிறகு, கடலூரில் ஒரு என்.சி.சி. அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே நின்ற பழைய ராணுவ லாரிதான் அவர் பொறுப்பு. சனிக்கிழமைதோறும் ஆயில், பேட்டரித் தண்ணி, டயர் காற்று, நட்டு எல்லாம் பார்த்துப் படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். ஓட்டுவது ஹாமித். பக்கத்துத் தெருக்காரன். ஷெட்டுச் சாவியும் அவனிடம்தான்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை டேங்கில் மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். சனிக்கிழமை அளந்ததைவிட மூணு விரக்கடை குறைந்திருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. ஹாமித்தின் மச்சான் ஜமாலுதீன் டீசல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சடையப்பன் மனசுக்குள் கணக்கு நேராகிவிட்டது.

டேங்க் மூடியில் கண்ணுக்குத் தெரியாத மாதிரி கறுப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை நூல் கட்டியபடியே இருந்தது. டீசல் மட்டும் குறைந்திருந்தது. 'அவுத்துட்டு அதே மாதிரி கட்டியிருக்கான், கில்லாடி' என்று சந்தேகம் இன்னும் முற்றியது. ஹாமித் டீ வாங்கிக் கொடுத்தால்கூட, எதுக்கு இவ்வளவு குழைகிறான் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை காலை ஆபீஸரிடம் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்துவிட்டார்.

"இன்னிக்கு சிதம்பரம் கேம்ப்புக்குப் பசங்கள இறக்கிட்டு வாங்க. நாளைக்கு அவனை விசாரிக்கிறேன்" என்றார் ஆபீஸர்.

பின்னால் இருபத்திரண்டு மாணவர்கள். முன்னால் ஹாமித்தும் அவரும். செம்மங்குப்பத்தில், கெமிக்கல் ஃபேக்டரிகள் இருக்கும் இடத்தில், மூக்கில் ஏறிய வாடையை இருவருமே கண்டுகொள்ளவில்லை. அந்த வழியில் அது பழகினதுதான். ஆனால் ஆலப்பாக்கம் தாண்டியும் வாடை விடவில்லை.

"மாமா, இது நம்ம வண்டி" என்று ஹாமித் ஓரங்கட்டினான். மாணவர்களை இறக்கி மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, லாரிக்கு அடியில் நுழைந்தான்.

"நீங்களே வந்து பாருங்க."

சடையப்பனுக்கு முட்டி மடங்காது. மல்லாந்து, தோளால் நகர்ந்து உள்ளே போனார். டேங்க்கைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை உராய்ந்து உராய்ந்து, அதன் மறைவில் தகடு துருப்பிடித்து ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. சுற்றிலும் பல வாரத்துப் பிசுக்கு. வேகத்தடையில் குலுங்கிக் குலுங்கி இன்று வாய் பெரிதாகிவிட்டது. ஷெட்டில் தரை மணல். சொட்டினது சொட்டினபடி உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

ஒரு மாணவனிடம் பெட்டிக்கடையில் துணிசோப்பு வாங்கிவரச் சொன்னார். அதைப் பிசைந்து ஓட்டையில் அப்பி, மேலே பழைய டியூப் துண்டை வைத்துப் பட்டையை இறுக்கினார்கள். ஹாமித் பிடிக்க, இவர் முறுக்கினார். சொட்டு நின்றது. இருவரும் அங்கேயே படுத்துக் கிடந்தார்கள்.

"நூலு கட்டுனீங்களே, அன்னிக்கே பாத்தேன் மாமா" என்றான் ஹாமித். "நேரா கேப்பீங்கன்னு இருந்தேன்."

சடையப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, தோளால் நகர்ந்து வெளியே வந்தார். சிதம்பரத்தில் மாணவர்களை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் காலையில் ஹாமித்தைக் கூப்பிடுவதற்கு முன்பே ஆபீஸர் மேசை முன் போய் நின்றார். "புகார் தப்பு சார். 'அடியில் பார்த்தது'ன்னு ஒரு கட்டம் இருக்குது. முட்டி வலின்னு ஒரு மாசமா படுத்துப் பாக்காமலே டிக் போட்டேன். கையெழுத்து என்னுது."

ஆபீஸர் புகாரைக் கிழிக்கவில்லை. அதன் கீழேயே இப்போது சொன்னதையும் அவரை எழுதவைத்து, ஹாமித்தைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். ஹாமித் நின்று நிதானமாகப் படித்தான். "அப்ப என்னை எழுத்துல திருடன்னே போட்டுட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான்.

வேலை இருவருக்கும் தங்கியது. இனி படிவத்தில் ரெண்டு கையெழுத்து வேண்டும் என்று கேட்டது ஹாமித்தான். சனிக்கிழமைகளில் இருவரும் டார்ச்சோடு லாரிக்கு அடியில் படுக்கிறார்கள். இவர் ஏதாவது கேட்டால் அவன் "ம்" என்பான். பொங்கல் போய், ரம்ஜான் வந்தது. ஹாமித் வீட்டிலிருந்து எப்போதும் வரும் பிரியாணி அந்த வருஷம் வரவில்லை. மலர்க்கொடி ஏனென்று கேட்டதற்கு, "நான் நேரா அவன்கிட்டயே போய்ப் பேசிட்டு வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார் சடையப்பன்.