குளத்தங்கரையில் நின்ற கேம்ப் கோச்

கல்யாணமான புதிதில் எங்களுக்கு வீடு கிடையாது. சக்கரம் வைத்த ஒரு பெட்டிதான் இருந்தது. என் கணவர் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டர். வேலை நடக்கிற இடத்துக்கே இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவார்களே, அந்தக் கேம்ப் கோச்சில்தான் குடித்தனம். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு கோடையில், வங்காளத்தில் பாலிகஞ்ச் தாண்டித் தெற்கே போகிற லைனில், யாரும் தொடாமல் கிடந்த பக்கத் தண்டவாளம் ஒன்றில் எங்களைக் கழற்றிவிட்டு இன்ஜின் போய்விட்டது. ஒரு பக்கம் லோக்கல் ரயில்கள் ஓடும் மெயின் லைன். மறுபக்கம் கரை இறங்கி முடிகிற இடத்தில் பெரிய குளம்.

பெட்டியின் ஒரு பாதியில் நாங்கள். மறுபாதியில் கணவருக்கு உதவியாக இருந்த கலாசி. பிகார்க்காரர், வயதானவர், என்னை 'பஹு', அதாவது மருமகளே என்று கூப்பிடுவார். நடுவில் சமையலறை. கூரை காய்ந்துவிட்டால் அதற்குள் நிற்க முடியாது. அதனால் குளத்துப் பக்கம் கரைமேல் மூன்று செங்கல் வைத்து, சிக்னல் சாமான் வந்த மரப்பெட்டிகளை உடைத்து எரித்துச் சமைத்தேன். கத்தரிக்காயைத் தணலில் சுட்டுப் பிசைந்தால் அதன் ருசியே வேறு. முதல் சில வாரம் எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் சோறு வடித்த கஞ்சியை அடுப்புக்குப் பின்னால் ஊற்றினேன். அது ஓடவும் இல்லை, தேங்கவும் இல்லை. சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. குனிந்து பார்த்தேன். விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு, தண்டவாளத்தை ஒட்டியே நீளமாக ஓடியது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அதையும் குடித்தது.

சாயங்காலம் கணவரிடம் காட்டினேன்.

"வெயிலுக்கு மண்ணு வெடிக்கத்தானே செய்யும்," என்றார்.

"தண்ணி எங்க போகுதுன்னு தெரியலியேங்க."

"நான் சிக்னல் ஆளு. மண்ணெல்லாம் வேற டிபார்ட்மென்ட். சொல்லி வைக்கிறேன்."

சொன்னார். வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. யாரும் வரவில்லை.

குளத்தோரம் வங்காளத்துக்காரி ஒருத்தி ஆட்டுக் கொட்டகை வைத்திருந்தாள். மாஷி, சித்தி என்கிற மாதிரி, என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். எனக்கு வங்காளம் வராது, அவளுக்கு அதைவிட்டால் வேறு எதுவும் வராது. ஆனாலும் தினமும் என் அடுப்படிக்கு வந்து டீ குடிப்பாள். அந்த வாரம் அவள் கொட்டகையைப் பிரிக்க ஆரம்பித்தாள். மூங்கில், தகரம் எல்லாவற்றையும் சாலைக்கு அந்தப் பக்கம் சுமந்துகொண்டு போனாள். ஏன் என்று சைகையில் கேட்டேன். குளத்தைக் காட்டி, என் பெட்டியைக் காட்டி, "மாட்டி கேட்டே நியேச்சே," என்றாள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து இன்னும் மெதுவாக, அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள். அதற்கப்புறம் டீக்கு வரவில்லை.

அந்த வார்த்தைகளை மறக்காமல் வைத்திருந்து, இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். அவர் கரக்பூரில் வளர்ந்தவர், வங்காளம் நன்றாகத் தெரியும். கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"மண்ணை வெட்டி எடுத்துட்டாங்கன்னு சொல்லியிருக்கா."

விடிந்ததும் இறங்கிப் போய்ப் பார்த்தார். நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ குளத்தைத் தூர்வாருகிறோம் என்று கரையின் அடிமண்ணைக் குடைந்து லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். மேலே புல் இருந்தது. கீழே வெறும் குழிவு. பெட்டியை நகர்த்த அன்றைக்கே இன்ஜின் கேட்டார். ஏதாவது ஒரு இன்ஜின் வேலை முடிந்து காலியானதும் அனுப்புகிறோம் என்றார்கள். அடுப்பை நான் மெயின் லைன் பக்கம் மாற்றிவிட்டேன். அங்கே தீ மூட்டக்கூடாது என்று ஆள் வந்து சத்தம் போட்டபோதும் அணைக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளில் வெடிப்பு என் பாதம் நுழைகிற அகலம் ஆயிற்று. சில்வண்டுச் சத்தம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது, அல்லது மழையில் எனக்குக் கேட்கவில்லை. பெட்டிக்குள் மேசைமேல் வைத்த எலுமிச்சம்பழம் குளத்துப் பக்கமாக உருண்டு விழுந்தது.

"நான் இங்க படுக்க மாட்டேன். நீங்களும் வாங்க," என்றேன்.

"உள்ள அத்தனை சிக்னல் சாமானும் இருக்கு. விட்டுட்டு வந்தா வேலை போயிரும். நீ கரியாஹாட்ல உன் சித்தி வீட்டுக்குப் போ. இன்ஜின் வந்ததும் கூட்டிட்டு வரேன்."

அன்று காலையே கிளம்பி, கரியாஹாட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி, நீல பிளாஸ்டிக் கட்டிய கடைகளின் ஓரமாக நனைந்தபடி சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். என் பையைப் பார்த்ததுமே, "என்னடி, அதுக்குள்ள சண்டையா?" என்றாள். இல்லை சித்தி, மண் சரியில்லை என்றேன். அவள் நம்பவில்லை. எல்லா வீட்டிலும் முதல் வருஷம் இப்படித்தான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாள். எனக்கே வெட்கமாகிவிட்டது.

மறுநாள் காலையில் கணவர் வந்து நின்றார். காலில் செருப்பு இல்லை. யாருடையதோ சட்டை. முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"கரை போயிருச்சு," என்றார். "பெட்டி குளத்துக்குள்ள சாஞ்சு கிடக்கு."

"கலாசி?"

"ஆஸ்பத்திரியில. கால் நசுங்கிருச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல."

சித்தி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் கிளம்பிப் போன அன்றைக்கு மத்தியானம் மழை கொஞ்சம் விட்டபோது, நான் மாற்றி வைத்த அடுப்பில் என் கணவர் உப்புமா கிண்டியிருக்கிறார். தான் வெளியே நின்றதால் பிழைத்ததையும், கலாசி பெட்டிக்குள் இருந்ததையும் மட்டும் அன்றைக்குச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு நான் கஞ்சி கொண்டுபோவேன். "நல்லவேளை, நீ அங்கே இல்லை, பஹு," என்று கலாசி இந்தியில் சொல்வார். விசாரணை நடந்தது. மண்ணை வெட்டியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். கலாசிக்கு அந்தக் கால் மடங்கவே இல்லை. ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. அவர் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போகிறவரை, என் கணவர் சம்பளம் வாங்கிய கையோடு அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அது நல்ல மனசு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல வருஷம் கழித்து, அதே ஊரில் சால்ட் லேக் பக்கம் குடியிருக்கும்போது, ஒரு நாள் நான் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். பையன் தட்டைத் தள்ளிவிட்டான். இவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான், உப்புக் குறைந்தால் கேட்கவே மாட்டார்.

"நாக்கே செத்துப்போச்சா உங்களுக்கு?" என்றேன்.

பையன் எழுந்து போகிறவரை காத்திருந்தார்.

"அன்னிக்கு உப்புமாவுக்கு உப்பு எடுத்துட்டு வாங்கன்னு கலாசியைப் பெட்டிக்குள்ள அனுப்பினது நான்தான்," என்றார்.