அப்பாவின் வலது காதும் ஐம்பது வெள்ளி ஸ்பீக்கரும்

அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு. எங்கள் பாலிடெக்னிக் வகுப்பின் 'தலைமை ஸ்பீக்கர் ஆலோசகர்' பதவிக்கு அடியேன் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளேன். மாலை, சால்வை வேண்டாம். பபிள் டீ போதும்.

நேற்று ஒரு நண்பன், "கம்ப்யூட்டருக்கு சீப்பா ஒரு ஸ்பீக்கர் சொல்லுடா" என்றான். உடனே மூக்கில் ஏறியது அந்தப் பழைய வாசம்... யார் வீட்டுப் பூனையோ படுத்து உறங்கிய மரப்பெட்டியின் வாசம்.

அப்போது நான் பள்ளியில் உயர்நிலை மூன்று. தீவின் கிழக்குக் கோடியில், பிடோக்கில் எங்கள் வீடு. ஷிப்யார்டில் பல வருடம் இரும்புச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியதில் அப்பாவின் இடது காது முழுதாக ரிட்டையர் ஆகிவிட்டது. ஆனாலும் அவருக்குப் பாட்டு வேண்டும். வேலை முடிந்து வந்து, குளித்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழைய பாட்டு ஒன்றிரண்டு கேட்டால்தான் சாப்பாடு இறங்கும்.

இயர்ஃபோன் போட்டால் பாதிப் பாட்டு அந்தச் செத்த காதுக்குள் போய்விடும். "வயலின் வருது, புல்லாங்குழல் எங்கடா போச்சு?" என்று கேட்பார். இயர்ஃபோனைக் கழற்றினால், கம்ப்யூட்டரின் சொந்தக் குரல் கொசு பாடுவது போல இருக்கும்.

கொஞ்ச நாளில் கேட்பதையே விட்டுவிட்டார். குளித்ததும் நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்தார். பேசாமல் சாப்பிட்டார்.

எங்கள் வீட்டில் சத்தம் போடுவதே நான்தான். எனக்கே அந்த அமைதி தாங்கவில்லை.

"நான் பாத்துக்கிறேன்பா. ஐம்பது வெள்ளிக்குள்ள சூப்பர் ஸ்பீக்கர்!"

அங்கே ஆரம்பித்தது குழப்பம்...

இரண்டு பெட்டி போதும் என்றது ஒரு வீடியோ. மூன்றாவதாகத் தரையில் ஒரு குண்டுப் பெட்டி இல்லாவிட்டால் வாழ்வே வீண் என்றது இன்னொன்று. 'தும் தும்' என்று பேஸ் வேண்டும் என்றார் ஒருவர். பேஸ் கூடினால் குரல் மூழ்கிவிடும் என்றார் அடுத்தவர். எத்தனை வாட் என்று எல்லோரும் கேட்டார்கள்; எனக்கு "வாட்?" என்று மட்டும்தான் திருப்பிக் கேட்கத் தெரிந்தது. ஒலிபெருக்கி தேடிப் போனவனுக்குக் கிடைத்தது கிலிபெருக்கி.

கடைசியில் பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் ஒரு ஜோடி மரப்பெட்டி ஸ்பீக்கர் கண்ணில் பட்டது. கண்டதும் காதல். கீழே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை... காதலில் யார் படிக்கிறார்கள்?

விற்பவர் வடக்குக் கோடியில் இருக்கும் உட்லண்ட்ஸ்காரர். நம்ம ஊர் வழக்கம்தான் தெரியுமே. கார்டைத் தட்டி வெளியே போய், மறுபடி தட்டி உள்ளே வர எதற்குத் தண்டச் செலவு? நான் எம்ஆர்டி ரயில் நிலையக் கேட்டுக்கு உள்ளே. அவர் வெளியே. பூனை வாசத்தோடு பெட்டி கேட்டுக்கு மேலே கைமாறியது.

"ப்ரோ, வேலை செய்யுதுல?"

"சூப்பரா பாடும் ப்ரோ!"

அவ்வளவுதான் சோதனை. கேட்டில் ஏது ப்ளக்?

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஸ்பீக்கரிலும் ஏது ப்ளக்! பின்னால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப் மட்டும் முழித்துக்கொண்டு இருந்தன. நானும் முழித்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "டேய், ஸ்பீக்கர்னு சொன்னே... ஒண்ணும் பேச மாட்டேங்குது?"

அவசரமாக மெசேஜ் அனுப்பினேன். "ப்ரோ, ப்ளக் குடுக்க மறந்துட்டீங்க."

"ப்ளக்கா? இத ஆம்ப்ளிஃபையர்லதான் மாட்டணும் ப்ரோ. கீழே எழுதிப் போட்டிருந்தேனே. உங்ககிட்ட ஆம்ப் இருக்குல்ல?"

"இருக்கு இருக்கு" என்று அனுப்பிவிட்டு, ஆம்ப் என்றால் என்ன என்று தேடினேன். ஸ்பீக்கரைவிட அது விலை அதிகம்.

அதற்குள் அப்பா குளித்துவிட்டு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு... அதுதான் குத்தியது.

விஷயத்தைச் சொன்னேன். பெட்டியைத் துண்டால் ஒரு துடை துடைத்தார். "பரவால்ல லா. பாக்க அழகாத்தானே இருக்கு." எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

உட்லண்ட்ஸ் அண்ணன் நல்லவர். நான் விஷயத்தை ஒப்புக்கொண்டதும், சிரித்துக்கொண்டே பணத்தைத் தந்து அதே கேட்டுக்கு மேலே திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைத் தேக்காவுக்குக் கூட்டிப்போனார். மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு, பக்கத்துச் சந்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்தோம். வரிசையாக நாலைந்து ஸ்பீக்கர். நான் போனில் ரிவ்யூவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். எல்லாமே தடதடவென்று ஒரே மாதிரி அதிர்ந்தன. படிக்கப் படிக்கத் தலை சுற்றியது.

அப்பா கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, நம்ம பாட்டு ஒண்ணு போடுங்க லா."

மீன் பையோடு பக்கவாட்டில் திரும்பி, வலது காதைக் கொடுத்து நின்றார். முதல் ஸ்பீக்கருக்கு 'வேண்டாம்' என்று தலையாட்டல். அடுத்ததுக்கும் தலையாட்டல். ஓரத்தில் கிடந்த, இருப்பதிலேயே அசிங்கமான ஒன்றில் பாட்டு ஆரம்பித்ததும் கையைத் தூக்கினார்.

"இதான்."

"அப்பா! இது எந்த ரிவ்யூலயும் இல்ல!"

"பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுக்கறாங்க பாரு. இதுல கேக்குது." கடைக்காரரை மறுபடி போடச் சொன்னார். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா! ரொம்ப கிளியரா!"

அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன் குழம்பு ஆறிப்போனது. அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்; அப்பாவோ, "இந்த ஒண்ணு மட்டும்... இந்த ஒண்ணு மட்டும்" என்றார்.

அப்போது ஒரு ஸ்பீக்கருக்காகத் தீவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ரயிலில் அலைந்தேன். இப்போது யாராவது என்னிடம் கேட்டால், உட்கார்ந்த இடத்திலேயே அருளுரை. "வாட்டை விடு. விலையை விடு. பாடகர் இழுக்கும் மூச்சு கேட்கிறதா என்று பார். நல்ல காதுக்கு அதுதான் அடையாளம்." கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். பதவியே அப்படி வந்ததுதான்.

ஆனால்... உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அன்றைக்குக் கடையில் எனக்கு எந்த மூச்சும் கேட்கவில்லை. நேற்று அப்பா வேலைக்குப் போயிருந்தபோது அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இரண்டு காதும் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது...

இன்னும் கேட்கவில்லை.